குழந்தையின் சாதி, குழுவில் பகிர்வதற்கல்ல

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் தொடக்கப்பள்ளிகளில் நடக்கும் முதல் வேலைகளில் ஒன்று, வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்குவது. வீட்டுப்பாடம், விடுமுறை அறிவிப்பு, சுதந்திர தின விழாப் படம் எல்லாம் அதில்தான் வருகின்றன. நல்ல ஏற்பாடுதான். கரும்பு வெட்ட வெளியூர் போன தகப்பனுக்கும், திருப்பூர் பனியன் கம்பெனியில் இருக்கும் தாய்க்கும் பிள்ளையின் பள்ளிக்கூடம் கைக்குள் வந்துவிடுகிறது. ஆனால் அதே குழுவில் கொஞ்ச நாளில் இன்னொரு வகைச் செய்தியும் வருகிறது. 'கீழ்க்கண்ட மாணவிகள் சாதிச் சான்றிதழ், ஆதார், வங்கிப் புத்தக நகல் உடனே தரவும்' என்று ஒரு பட்டியல். சில இடங்களில் பெயருக்குப் பக்கத்திலேயே எஸ்.சி., எஸ்.சி.(ஏ), எஸ்.டி. என்று எழுதியிருக்கும் பதிவேட்டுப் பக்கத்தையே படம் பிடித்துப் போட்டுவிடுகிறார்கள்.

3 முதல் 5ஆம் வகுப்பு வரை படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினப் பெண் குழந்தைகளுக்கு அரசு தரும் கல்வி ஊக்கத்தொகை ஆண்டுக்கு 500 ரூபாய். அந்த 500 ரூபாயை வாங்கித் தருவதற்காக ஒரு குழந்தையின் சாதி, முழு வகுப்பின் வீடுகளுக்கும் செல்போன் வழியாகப் போய்ச் சேருகிறது. சுகாதாரக்கேடான தொழில் செய்வோரின் பிள்ளைகளுக்கென்று தனி உதவித்தொகை இருக்கிறது. அதற்கான பட்டியல் குழுவில் வந்தால் சாதி மட்டுமல்ல, அப்பா சாக்கடை அள்ளுகிறாரா, அம்மா கழிப்பறை கழுவுகிறாரா என்பதும் சேர்ந்தே தெரிந்துவிடுகிறது. மறுநாள் காலை இடைவேளையில் அந்தக் குழந்தைக்கு என்ன பெயர் கிடைக்கும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

'ஊரில் யார் எந்தத் தெரு என்று எல்லோருக்கும் தெரிந்ததுதானே, இதில் புதிதாக என்ன?' என்று கேட்பவர்கள் உண்டு. பெரியவர்களுக்குத் தெரிந்திருப்பது வேறு. 8 வயதுக் குழந்தை, தன்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே முட்டையைப் பிட்டுத் தின்னும் தோழியின் சாதியைத் தன் அப்பாவின் போனில், டீச்சர் அனுப்பிய செய்தியாகப் படிப்பது வேறு. வாயால் சொன்னது காற்றோடு போகலாம். குழுவில் போட்டது போகாது. ஒருவர் அழித்தாலும் இன்னொருவர் போனில் கிடக்கும். நாளை வேறு குழுவுக்கும் போகும்.

ஆசிரியர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நம் நோக்கமல்ல. 5 வகுப்புகளுக்கு 2 ஆசிரியர்கள், அதில் ஒருவர் எமிஸ் தளத்தில் விவரம் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற நிலையில்தான் பல பள்ளிகள் ஓடுகின்றன. எல்லோருக்கும் ஒரே தடவையில் சொல்லிவிடலாம் என்ற அவசரத்தில்தான் பட்டியல் குழுவுக்கு வருகிறது. ஆனால் இதற்கான மாற்று எந்தச் செலவும் இல்லாதது. சம்பந்தப்பட்ட பெற்றோருக்குத் தனித்தனியாகச் செய்தி அனுப்பினால் போதும், அல்லது ஒரு போன். நாங்குநேரிச் சம்பவத்துக்குப் பிறகு தமிழக அரசு அமைத்த நீதிபதி சந்துரு ஒரு நபர் குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் இதையும் தொட்டிருக்கிறது. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, உதவித்தொகை பற்றி வகுப்பில் அறிவிக்காமல் மாணவரைத் தனியாக அழைத்துச் சொல்ல வேண்டும் என்பது அதன் பரிந்துரை. வகுப்பறையில் வாயால் சொல்லவே கூடாது என்றால், வாட்ஸ்அப்பில் எழுதிப் போடுவது எப்படிச் சரியாகும்? 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவோம் என்று 2025 ஏப்ரலில் சட்டப்பேரவையில் முதல்வர் அறிவித்தார். ஆவணத்தில் வேண்டாம் என்று முடிவெடுத்த சொல், பிள்ளையின் முகவரியாக வகுப்புக் குழுவில் தினமும் வந்துகொண்டிருந்தால் அந்த அறிவிப்புக்கு என்ன பொருள்?

தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளின் இணையப் பாதுகாப்பு என்றதும் வழக்கமாகச் சொல்லப்படுவது, முன்பின் தெரியாதவர்களிடம் பேசாதே என்பதுதான். அந்த எச்சரிக்கை தேவையே. ஆனால் நம் பிள்ளைகளுக்கு ஆபத்து முன்பின் தெரியாதவர்களிடமிருந்து மட்டும் வருவதில்லை. தெரிந்த ஊரிலிருந்து, தெரிந்த தெருவிலிருந்து, பல நேரம் நல்ல எண்ணத்தோடு இருப்பவர்களிடமிருந்தும் வருகிறது. அதனால்தான் இதிலிருந்து தொடங்கினோம்.

செல்போன் பிள்ளைகளைக் கெடுக்கிறது, பிடுங்கி வை என்று மேடை போட்டுப் பேசுவோரோடு நாம் சேர முடியாது. நம் தெருவுக்கு ஆண்ட்ராய்டு போன் எப்படி வந்தது என்பது நமக்கு நினைவிருக்கிறது. 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டன. ஜூன் 1 அன்று கேரளத்தில் இணையவழி வகுப்புகள் தொடங்கிய நாளிலேயே மலப்புரம் மாவட்டம் வளாஞ்சேரியில் ஒரு தலித் மாணவி உயிரை மாய்த்துக்கொண்டார். வீட்டுத் தொலைக்காட்சி பழுது, வகுப்பைப் பார்க்க நல்ல செல்போன் இல்லை. இங்கே தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் மறுபடி வகுப்பறைக்குள் காலெடுத்து வைத்தது 2021 நவம்பர் 1 அன்றுதான். ஏறக்குறைய 19 மாதங்கள். கல்வித் தொலைக்காட்சி இருந்தது. ஆனால் சந்தேகம் கேட்கவும் வீட்டுப்பாடம் அனுப்பவும் போன் வேண்டியிருந்தது. மகளிர் குழுக் கடனிலும், அடகு வைத்த கம்மலிலும், வட்டிக்கு வாங்கிய பணத்திலும்தான் அந்த போன்கள் வந்தன. படிப்பு நின்றுவிடக் கூடாது என்று வாங்கியவை அவை.

நம் முன்னோர் புதிய கருவிகளைக் கண்டு ஒதுங்கியவர்களும் அல்லர். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அயோத்திதாசர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழ'னைக் கொண்டுவந்தார். அச்சு இயந்திரம் யாரிடமிருந்து வந்தது என்று பார்க்காமல், அதில் எதை அச்சிடுவது என்று பார்த்தார்கள். இன்று 4ஆம் வகுப்புப் பிள்ளை அம்பேத்கரின் குரலையே ஒலிப்பதிவில் கேட்க முடிகிறது. நம் தாத்தாக்களுக்குக் கிடைக்காத வாய்ப்பு அது. போனைப் பிடுங்குவதல்ல, அதைப் பிள்ளையின் கையில் எப்படிக் கொடுப்பது என்பதுதான் கேள்வி.

நகரத்து அறிவுரைக்காரர்கள் கவனிக்காத ஒன்று இருக்கிறது. 'பிள்ளைகளின் போன் பயன்பாட்டைப் பெற்றோர் கண்காணிக்க வேண்டும்' என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். நம் வீடுகளில் பெற்றோரின் போன் பயன்பாட்டைக் கவனித்துக்கொள்வதே பிள்ளைதான். 100 நாள் வேலைக் கூலி ஏறிவிட்டதா என்று குறுஞ்செய்தி பார்த்துச் சொல்வது 3ஆம் வகுப்புப் பெண். கேஸ் சிலிண்டருக்கு வந்த ஓடிபி எண்ணைப் படித்துச் சொல்வது 5ஆம் வகுப்புப் பையன். ஆங்கில எழுத்தும் எண்ணும் தெரிந்தவர் வீட்டில் அவர்கள்தான். அம்மாவின் ஜிபே ரகசிய எண் அம்மாவைவிடப் பிள்ளைக்கு நன்றாகத் தெரியும். முதல் தலைமுறையாகப் பள்ளிக்குப் போகும் குழந்தை, அந்த வீட்டின் கணக்குப்பிள்ளை வேலையையும் சேர்த்துப் பார்க்கிறது. அது பெருமைக்குரியதுதான். ஆனால் வீட்டின் மொத்தப் பணமும் ஒரு 9 வயதுக் குழந்தையின் விரல் நுனியில் இருக்கிறது என்பதை மோசடிக்காரனும் தெரிந்துவைத்திருக்கிறான்.

'கல்வித்துறையிலிருந்து பேசுகிறோம், உங்கள் பிள்ளைக்கு உதவித்தொகை வந்திருக்கிறது, வாட்ஸ்அப்பில் அனுப்பிய கட்டத்தை ஸ்கேன் செய்யுங்கள்' என்று பேசிப் பணத்தை உருவும் மோசடி தமிழ்நாட்டில் நடந்திருக்கிறது. காவல்துறையே எச்சரித்திருக்கிறது. உதவித்தொகைக்குக் காத்திருக்கும் குடும்பம் எது என்று தேடத் தேவையில்லாமல், பட்டியலையும் கைபேசி எண்ணையும் ஒரே இடத்தில் வைத்திருக்கும் வகுப்புக் குழு அந்த மோசடிக்காரனுக்கு எவ்வளவு வசதி என்று யோசித்துப் பாருங்கள்.

குழந்தைக்குச் சொல்லித்தர வேண்டியது இதில் ஒன்றே ஒன்றுதான். நமக்குப் பணம் வருவதற்கு ரகசிய எண் போட வேண்டியதில்லை, எதையும் ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை, ஓடிபி சொல்ல வேண்டியதில்லை. இவற்றில் ஏதாவது ஒன்றைக் கேட்டால் பணம் நம்மிடமிருந்து போகப்போகிறது என்று பொருள். இதை ஒரு விளையாட்டுப்போலத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தால் 8 வயதுப் பிள்ளை நன்றாகப் பிடித்துக்கொள்ளும், பெரியவர்களைவிடச் சீக்கிரம். பணம் போய்விட்டால் அழுதுகொண்டு உட்காராமல் அந்த நிமிடமே 1930 என்ற எண்ணுக்குப் பேச வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. முக்கியமாக, பிள்ளையை அடிக்கக் கூடாது. ஒருமுறை அடி வாங்கிய பிள்ளை அடுத்த முறை மறைக்கும். மறைக்கும் நேரத்தில்தான் மோசடிக்காரன் தப்பிக்கிறான்.

அடுத்தது, பிள்ளை பார்ப்பது எதை என்பது. நம் வீடுகளில் பிள்ளைக்கென்று தனி போன் கிடையாது. ஒரு போனை அப்பா, சித்தப்பா, அண்ணன், பிள்ளை என நான்கு பேர் பார்க்கிறார்கள். இரவு 11 மணிக்கு அப்பா எதைப் பார்த்தாரோ, அதே மாதிரியானதைத்தான் மறுநாள் மாலை யூடியூப் பிள்ளைக்கு எடுத்துக் கொடுக்கும். அந்தச் செயலிக்குப் பார்ப்பவர் வயது தெரியாது. போனில் இதற்கு முன் எது ஓடியது என்பதுதான் தெரியும். ஆகவே பிள்ளையின் கண்ணில் படும் அசிங்கத்துக்குப் பிள்ளையைத் திட்டுவதற்கு முன் வீட்டு ஆண்கள் தங்கள் விரலைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ள வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் படங்களும் வீடியோக்களும் தாமாகவே போனில் இறங்கிப் பதிவாகும்படி பெரும்பாலானவர்கள் விட்டுவைத்திருக்கிறார்கள். அப்பா சேர்ந்திருக்கும் ஏதோ ஒரு குழுவில் நள்ளிரவில் வந்த ஆபாச வீடியோ, காலையில் பிள்ளை தன் பிறந்தநாள் படத்தைத் தேடும்போது பக்கத்திலேயே நிற்கிறது. அந்தத் தானியங்கிப் பதிவிறக்கத்தை நிறுத்திவைக்க ஒரு நிமிடம் போதும். யூடியூபில் கட்டுப்பாட்டு முறை என்று ஒன்று இருக்கிறது, குழந்தைகளுக்கென்றே யூடியூப் கிட்ஸ் என்ற தனிச் செயலியும் இலவசமாகவே இருக்கிறது. அவை எல்லாவற்றையும் வடிகட்டிவிடாது. ஆனாலும் ஓட்டைக் குடை மொட்டைத் தலையைவிட மேல்.

எழுதப் படிக்கத் தெரியாத ஆயா என்ன செய்ய முடியும்? ஆயாவால் திரையைப் படிக்க முடியாது. ஆனால் காது நன்றாகக் கேட்கும். பெற்றோர் வேலைக்குப் போன வீடுகளில் இரண்டே இரண்டு கட்டுப்பாடு வைக்கலாம். போனைத் திண்ணையில், ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்; காதில் ஒயர் மாட்டக் கூடாது. கெட்ட வார்த்தை வந்தால் ஆயாவுக்குத் தெரிந்துவிடும். அண்ணாந்து ஒரு அதட்டல் போடுவார். எந்தச் செயலியும் செய்யாத வேலை அது.

இனி, இந்தப் பத்தியில் நாம் சொல்லியே தீர வேண்டிய விஷயம். நம் பாடநூல்களின் முன்பக்கத்தில் தீண்டாமை குற்றம் என்று அச்சிட்டிருக்கிறோம். அந்தப் பக்கத்தைப் படிப்பதற்கு முன்பே, 7 வயதுப் பிள்ளை செல்போனில் 'ஆண்ட பரம்பரை' ரீல்ஸைப் பார்த்துவிடுகிறது. அரிவாள், புல்லட், மீசை, பின்னணியில் சாதிப் பாட்டு. ஊர்த்தெருப் பிள்ளை அதைப் பார்த்துவிட்டு மறுநாள் வகுப்பில் அதே வசனத்தைப் பேசிக் காட்டுகிறது. நம் பிள்ளை வீட்டுக்கு வந்து, 'அம்மா, நாம என்ன ஆளுங்க?' என்று கேட்கிறது. அந்தக் கேள்வியை என்றாவது ஒருநாள் நம் ஒவ்வொரு வீடும் சந்திக்கும். முன்பு அது 12, 13 வயதில் வந்தது, இப்போது இரண்டாம் வகுப்பிலேயே வந்துவிடுகிறது.

2023 ஆகஸ்ட் 9 அன்று நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் தடுக்கப் போன அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள், கூடப் படித்த மாணவர்கள். அதற்கு ரீல்ஸ்தான் காரணம் என்று நாம் சொல்லவில்லை. சாதி, செல்போனுக்குப் பல நூறு ஆண்டுகள் மூத்தது. ஆனால் அந்த வெறுப்பைத் தினமும் ஊட்டி வளர்க்கும் புட்டியாகச் செல்போன் ஆகியிருக்கிறது என்பதை மறுக்க முடியுமா? 2019 ஏப்ரலில் பொன்னமராவதியில் ஒரு சமூகத்துப் பெண்களை இழிவாகப் பேசிய ஒரே ஒரு வாட்ஸ்அப் ஒலிப்பதிவு ஊரையே கொந்தளிக்க வைத்து, தடை உத்தரவு வரை கொண்டுபோய் நிறுத்தியது. 2015இல் மகாராஷ்டிரத்தின் ஷீரடியில் செல்போன் அழைப்பொலியாக அம்பேத்கர் பாட்டு வைத்திருந்ததற்காக ஒரு தலித் இளைஞர் அடித்துக் கொல்லப்பட்டார். ஆகவே, 'ஏதோ பாட்டுத்தானே, வீடியோதானே' என்று கடந்துபோகிற உரிமை நமக்கு இல்லை.

பிள்ளை கேட்கும்போது என்ன சொல்வது? வாயை மூடு என்று சொல்லக் கூடாது. பொய்யும் சொல்லக் கூடாது. இப்படி ஒரு வழக்கம் இருக்கிறது, அது தப்பு, அதை எதிர்த்துச் சட்டம் இருக்கிறது, அந்தச் சட்டத்தையெல்லாம் தந்த அரசியலமைப்பை எழுதுவதில் முன்னே நின்றவர் நம் வீட்டுச் சுவரில் படமாக இருக்கும் இவர் என்று, கையைப் பிடித்துச் சுவரருகே கூட்டிப்போய்ச் சொல்லலாம். அந்த ஒரு பேச்சு, பிள்ளை பார்க்கும் ஆயிரம் ரீல்ஸுக்கு ஈடுகொடுக்கும் என்பது நம் நம்பிக்கை.

இதில் நம் தெரு இளைஞர்களிடமும் ஒரு கேள்வி இருக்கிறது, கோபித்துக்கொள்ள வேண்டாம். அவர்கள் அரிவாள் காட்டினால் நாமும் அரிவாள் காட்டுவோம் என்று, தலைவர் பிறந்தநாளில் பட்டாக்கத்தியால் கேக் வெட்டி ஸ்டேட்டஸ் போடுவது யாருக்காக? முதல் வரிசையில் நின்று கைதட்டிக்கொண்டிருப்பது 6 வயதுத் தம்பி. புத்தகத்தோடு நிற்கும் தலைவரின் படத்துக்கு முன்னால் கத்தியைத் தூக்கினால் அவன் எதைக் கற்றுக்கொள்வான்? போலீஸ் வழக்கு வந்தால் நம் பையன்தான் முதலில் உள்ளே போவான் என்பது தனிக் கதை.

பாதுகாப்பு மட்டும் போதாது, பொறுப்பும் வேண்டும் என்பது நம் பிள்ளைகளுக்கும் பொருந்தும். நம் தெருப் பிள்ளைகள் இருளர் குடியிருப்புப் பிள்ளையையோ, நரிக்குறவர் பிள்ளையையோ, நம் தெருவுக்கும் கடைசியில் இருக்கும் அருந்ததியர் வீட்டுப் பிள்ளையையோ கிண்டல் செய்து வீடியோ எடுப்பதில்லை என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்ல முடியுமா? கால் ஊனமான பையன் நடப்பதை, திக்கிப் பேசும் பெண் வாசிப்பதைப் படம் பிடித்துச் சிரிக்கும் வழக்கம் எல்லாத் தெருவிலும் இருக்கிறது. கேட்காமல் யாரையும் படம் எடுக்கக் கூடாது, அழுகிற, விழுகிற யாரையும் எடுக்கவே கூடாது என்பதைக் காலணி அணியக் கற்றுத்தருவதுபோலச் சின்ன வயதிலேயே பழக்க வேண்டும். இழிவுபடுத்தப்படுவது எப்படி இருக்கும் என்று தெரிந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது கடினமல்ல.

ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையைச் சாதி சொல்லித் திட்டி வீடியோவோ குரல் பதிவோ அனுப்பினால் என்ன செய்வது? இரண்டு விதமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். அனுப்பியது 9 வயதுக் குழந்தை என்றால் காவல் நிலையத்துக்கு ஓட வேண்டாம். அது எங்கோ கேட்டதைத் திருப்பிச் சொல்கிறது. தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். இரு பெற்றோரையும் உட்காரவைத்துப் பேசச் சொல்லுங்கள். பள்ளி அசையவில்லை என்றால் கல்வித்துறையின் உதவி எண் 14417 இருக்கிறது. குழந்தையைக் குற்றவாளியாக்கி எந்தச் சாதியையும் ஒழிக்க முடியாது.

ஆனால் அதே குழுவில் ஒரு பெரியவர் அப்படிப் பதிவிட்டால் அது வேறு கணக்கு. எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989, பொதுப் பார்வையில் சாதி சொல்லி இழிவுபடுத்துவதைக் குற்றம் என்கிறது. இணையத்தில் போட்ட வீடியோவும் பொதுப் பார்வையில் சொன்னதற்குச் சமம்தான் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022இல் சொல்லியிருக்கிறது. சூடு தாங்காமல் அந்தப் பதிவை அழித்துவிட்டுக் குழுவைவிட்டு வெளியேறுவதுதான் பலர் செய்யும் வேலை. அழிக்காதீர்கள். அனுப்பிய எண், தேதி, நேரம் தெரியும்படி திரைப்படம் எடுத்து வையுங்கள், போனையும் பத்திரமாக வையுங்கள். புகாரை எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். இந்தச் சட்டத்தில் விசாரிக்க வேண்டியவர் டி.எஸ்.பி. நிலையில் உள்ள அதிகாரி என்பதையும் நினைவில் வையுங்கள். தேசிய உதவி எண் 14566.

கடைசியாக, பேசவே கூசும் விஷயம். பிள்ளையிடம் இனிக்க இனிக்கப் பேசி, விளையாட்டில் பரிசு தருகிறேன், ரீசார்ஜ் செய்கிறேன் என்று சொல்லி, உடம்பைக் காட்டும் படம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். வாங்கியதை வைத்து மிரட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். தெரியாதவனாகவும் இருக்கலாம், சொந்தக்காரனாகவும் இருக்கலாம். உன் உடம்புப் படத்தை யார் கேட்டாலும், அம்மாவிடம் சொல்லாதே என்று யார் சொன்னாலும், முதலில் அம்மாவிடம்தான் சொல்ல வேண்டும் என்று பிள்ளைக்குச் சொல்லிவைக்க வேண்டும். சொன்ன பிள்ளையை நம்ப வேண்டும். சொன்ன அன்றே போனை உடைத்து, பள்ளிக்கூடத்தை நிறுத்தி, பெண்ணை வீட்டுக்குள் அடைக்கிற தகப்பன், தவறு செய்தவனுக்கே உதவி செய்கிறார்.

இதில் ஊர்ப் பஞ்சாயத்துக்கு இடமே கிடையாது. நம் தெருப் பஞ்சாயத்துக்கும் கிடையாது. வெளியே தெரிந்தால் மானம் போகும், இவ்வளவு வாங்கிக்கொண்டு முடித்துவிடலாம் என்று பேச வருகிறவர் ஊர்ப் பெரியவராக இருந்தாலும் இயக்கப் பொறுப்பாளராக இருந்தாலும் வாசலோடு அனுப்ப வேண்டும். போக்சோ சட்டப்படி குற்றம் நடந்ததைத் தெரிந்தவர் சொல்லியாக வேண்டும்; மறைப்பதே குற்றம். 1098க்கு எந்த நேரத்திலும் பேசலாம். மாவட்டத்துக்கு ஒரு குழந்தைகள் பாதுகாப்பு அலகு இருக்கிறது, குழந்தைகள் நலக் குழு இருக்கிறது.

அந்தப் படம் உங்கள் போனுக்கே வந்தால், 'பாருங்கள் அநியாயத்தை' என்று நாலு பேருக்கு அனுப்பாதீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவின்படி முதல் முறைக்கே 5 ஆண்டு வரை சிறையும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. குழந்தைகளின் பாலியல் படங்களைப் போனில் வைத்திருப்பது பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் கொடுத்த தளர்வான தீர்ப்பை 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. பார்த்தது தவறிப்போய் என்றாலும், சொல்லாமல் வைத்திருப்பது நம்மைச் சிக்கலில் மாட்டிவிடும். யாரிடமிருந்து வந்தது என்பதைக் குறித்துக்கொண்டு காவல்துறையிடமோ தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலோ தெரிவிக்க வேண்டும். இவ்வகைக் குற்றத்துக்குப் பெயர் சொல்லாமலும் அதில் புகார் தரலாம். இயக்கத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. பாலியல் வன்முறைக்கு ஆளான குழந்தையின் படத்தையும் பெயரையும் போட்டு 'நீதி வேண்டும்' என்று பதாகை அடிப்பதும் ஸ்டேட்டஸ் வைப்பதும் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவுக்கு எதிரானது. நீதி கேட்கக் குழந்தையின் முகம் தேவையில்லை.

இதையெல்லாம் யார் சொல்லித்தருவது? எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோரிடம் சட்டப்பிரிவைச் சொல்லிவிட்டு நாம் கைகழுவ முடியாது. இந்தப் பத்தியைப் படிக்கும் கல்லூரி மாணவர்களை நம்பித்தான் எழுதுகிறோம். இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக இருந்தவர்கள் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள். பல ஊர்களில் அம்பேத்கர் பெயரில் இரவுப் பாடசாலை நடக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, சமுதாயக் கூடத்திலோ ஆலமரத்தடியிலோ ஒரு மேசையைப் போட்டு உட்காருங்கள். தெருவில் இருக்கும் ஒவ்வொரு போனையும் வாங்கி, தெரியாதவர்கள் குழுவில் சேர்க்க முடியாதபடி மாற்றுங்கள், தானியங்கிப் பதிவிறக்கத்தை நிறுத்துங்கள், இரண்டடுக்கு ரகசிய எண் போட்டுக்கொடுங்கள், விளையாட்டுச் செயலிகளில் கடவுச்சொல் இல்லாமல் பணம் போகாதபடி செய்யுங்கள். ஒரு போனுக்கு 10 நிமிடம். போனின் பின்பக்கம் 1098, 1930 இரண்டையும் எழுதி ஒட்டுங்கள். 5ஆம் வகுப்புப் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்தால் அடுத்த முறை அந்தப் பிள்ளையே இன்னொரு வீட்டுக்குச் செய்துகொடுக்கும்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை. ஆதிதிராவிடர், பழங்குடியினர் பிள்ளைகளின் பெற்றோருக்கும் அதில் இடம் உண்டு. பல பள்ளிகளில் கையெழுத்துக்கு மட்டுமே அவர்களைக் கூப்பிடுகிறார்கள். அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது ஒரு தீர்மானத்தை எழுதிக்கொண்டு போகலாம். வகுப்புக் குழுவில் சாதி, உதவித்தொகை, ஆதார், வங்கி விவரம் எதையும் பகிரக் கூடாது. ஏற்கெனவே பகிர்ந்தவற்றை அழிக்க வேண்டும். தனிப்பட்ட விவரம் வேண்டுமென்றால் அந்தந்தப் பெற்றோரிடம் தனியாகக் கேட்க வேண்டும். குழுவில் ஆசிரியர்கள் மட்டுமே பதிவிடும்படி அமைக்க வேண்டும். இவ்வளவுதான் தீர்மானம். அதைப் பதிவேட்டில் எழுதி, தலைமை ஆசிரியரின் கையெழுத்தோடு ஒரு நகலைக் கேட்டு வாங்குங்கள். கூட்டத்தில் பேசவிடவில்லை என்றால் கிராமசபை இருக்கிறது. ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது. அங்கேயும் இதே தீர்மானத்தை வைக்கலாம்.